சாவு விழுந்த பிறகு ஒரு தீர்மானம்

2025 ஆகஸ்ட் 23. முதல் நாள் இரவு சென்னையில் நல்ல மழை. பொழுது விடிவதற்குள் துப்புரவு வேலைக்குக் கிளம்பிய முப்பது வயதுப் பெண் ஒருவர், கண்ணகி நகரில் தெருவில் தேங்கி நின்ற தண்ணீரில் கால் வைத்தார். தண்ணீரில் மின்சாரம் பாய்ந்திருந்தது. வேலைக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

யார் பொறுப்பு? தேங்கிய தண்ணீரை வடியவைத்திருக்க வேண்டியது மாநகராட்சி. கேபிள் மின்வாரியத்துடையது. அவருக்குச் சம்பளம் கொடுத்தது, மாநகராட்சியிடம் குப்பை அள்ளும் ஒப்பந்தம் எடுத்த தனியார் நிறுவனம். நகரத்தின் ஆற்றங்கரைகளிலிருந்து குடும்பங்களைப் பெயர்த்து வந்து கண்ணகி நகரில் குடிவைத்தது குடிசை மாற்று வாரியம். ஒரு அடி தண்ணீருக்குள் நான்கு அலுவலகங்கள்.

இது முதல் முறையும் இல்லை. 2017 நவம்பர் 1 அன்று கொடுங்கையூரில் இரண்டு சிறுமிகள் மழைநீரில் கிடந்த மின்கம்பியை மிதித்து இறந்தார்கள். அப்போது மின்வாரிய ஊழியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள்; நிவாரணம் அறிவிக்கப்பட்டது; மின்பெட்டிகளை ஆய்வு செய்ய உத்தரவு போனது. எட்டு ஆண்டு கழித்து, ஊரின் வடக்கு முனையிலிருந்து தெற்கு முனைக்கு இடம் மட்டும் மாறி அதே சாவு.

சென்னை மாநகராட்சியைத் திட்டுவது இந்த ஊரில் எல்லோருக்கும் பழகிய காரியம். அந்தத் திட்டில் பாதி தவறான முகவரிக்குப் போகிறது. சரியான முகவரிக்குப் போகிற மீதிப் பாதியில்தான் நமக்கு உண்மையான வழக்கு இருக்கிறது: தன் கையில் இருக்கிற அதிகாரத்தையும் கவுன்சிலர்கள் கூடும் மாமன்றம் உயிர் போன பிறகே எடுத்துப் பார்க்கிறது.

மேசைக்கு வராத விஷயங்கள்

நாடாளுமன்றம் 1992-ல் நிறைவேற்றிய 74-வது அரசியல் சட்டத் திருத்தம், நகராட்சி அமைப்புகளுக்குத் தரலாம் என்று 18 பணிகளைப் பன்னிரண்டாவது அட்டவணையில் எழுதி வைத்தது. நகரமைப்பு, கட்டட ஒழுங்கு, சாலைகள், குடிநீர், பொது சுகாதாரம், தெருவிளக்கு, தீயணைப்பு, கால்நடைப் பட்டி வரைக்கும் அதில் உண்டு. ‘தரலாம்’ என்பதுதான் அங்கே சூட்சுமம். தருவதும் தராததும் மாநில அரசின் விருப்பம்.

சென்னையில் என்ன நடந்தது? தீயணைப்பு மாநில அரசின் துறை. குடிநீரும் கழிவுநீரும் 1978-லேயே மெட்ரோ வாட்டர் வாரியத்துக்குப் போய்விட்டன. பெரிய கட்டடங்களுக்கு அனுமதி கொடுப்பது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ. போக்குவரத்து சிக்னலும் கண்காணிப்பு கேமராவும் காவல்துறை. முக்கியச் சாலைகள் சில நெடுஞ்சாலைத் துறையிடம். மழைநீர் வடிகால் என்றதும் மாநகராட்சியைத்தான் நினைக்கிறோம். நெடுஞ்சாலைத் துறையும் நீர்வளத் துறையும் தங்கள் பங்குக்குத் தோண்டுகின்றன. 2022 அக்டோபரில் ஜாபர்கான்பேட்டை அருகே திறந்து கிடந்த வடிகால் பள்ளத்தில் விழுந்து இளம் பத்திரிகையாளர் ஒருவர் உயிரிழந்தபோது, பள்ளம் எந்தத் துறையுடையது என்பதுதான் முதல் கேள்வியாக எழுந்தது. தடுப்பு ஏன் இல்லை என்ற கேள்வி அதன் பிறகே வந்தது.

கவுன்சிலர் ஒருவரிடம் தெருமுனை மின்பெட்டி திறந்து கிடப்பதைச் சொல்லிப் பாருங்கள். ‘ஈ.பி.-க்குச் சொல்லிட்டேன்’ என்பார். பொய் சொல்லவில்லை, அவரால் முடிந்தது அதுதான். மின்வாரியப் பொறியாளர் அவருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் இல்லை. மாமன்றத்துக்குள் அவரைக் கூப்பிட்டு நிறுத்தவும் முடியாது.

மாநகராட்சிக்குள்ளேயும் அதிகாரம் நேராக இல்லை. மேயர் கூட்டத்துக்குத் தலைமை தாங்குகிறார். நிர்வாகத்தை நடத்துபவர் மாநில அரசு நியமிக்கும் ஆணையர், ஐ.ஏ.எஸ். அதிகாரி. கணக்கு, வரிவிதிப்பு மற்றும் நிதி, பணிகள், நகரமைப்பு, கல்வி, பொது சுகாதாரம் என்று ஆறு நிலைக்குழுக்கள் இருக்கின்றன. மாமன்றக் கூட்டத்தில் கேள்வி நேரம் உண்டு, நேரமில்லா நேரம் உண்டு. தண்ணீர், நாய், கொசு, விளக்கு என்று உறுப்பினர்கள் வார்டு வாரியாகக் கொட்டித் தீர்ப்பதும் அங்கேதான். அதன் பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட தீர்மானங்கள் சில நிமிடங்களில் நிறைவேறுகிற நாட்களும் உண்டு. இத்தனை தீர்மானங்களில் ஒன்றையாவது உறுப்பினர் படித்துவிட்டு வந்தாரா என்று பார்வையாளர் மாடத்தில் இருப்பவருக்குச் சந்தேகம் வருவது இயல்பு.

28 ஆண்டு யாரும் இல்லை

இன்றைய மாமன்றத்தைக் குறை சொல்லும் முன் இன்னொரு கணக்கைப் பார்க்க வேண்டும். 1688 செப்டம்பர் 29 அன்று தொடங்கிய, நாட்டிலேயே மிகப் பழைய மாநகராட்சி என்று பெருமை பேசுகிறோம். மஸ்டர் ரோல் எனப்படும் தொழிலாளர் வருகைப் பதிவேட்டு ஊழல் புகாரை அடுத்து 1973 டிசம்பரில் மாமன்றம் கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் 1996-ல்தான் நடந்தது, மு.க.ஸ்டாலின் மேயரானார். இடையில் சுமார் 23 ஆண்டு அதிகாரிகள் ஆட்சி. மறுபடி 2016 அக்டோபரில் மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. இடஒதுக்கீட்டு வழக்கில் தேர்தல் அறிவிப்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்ய, அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19 வரை தள்ளிப்போனது. 1973-க்கும் 2022-க்கும் இடைப்பட்ட 49 ஆண்டுகளில் 28 ஆண்டு சென்னைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை.

அந்தக் கடைசி ஐந்தரை ஆண்டில் நடந்தவற்றை அடுக்கிப் பாருங்கள். 2016 டிசம்பரில் வர்தா புயல். 2017 மே 31-ல் தி.நகர் உஸ்மான் சாலையில் துணிக்கடைக் கட்டடம் ஒரு நாளுக்கு மேல் எரிந்தது. அதே ஆண்டு கொடுங்கையூர் சிறுமிகள். 2019 கோடையில் குடத்தோடு ஊரே தெருவில் நின்ற வறட்சி. அந்த ஆண்டு செப்டம்பர் 12-ல் பள்ளிக்கரணையில் அரசியல் கட்சிக்காரர் வைத்த பேனர் சரிந்து விழ, இருசக்கர வாகனத்தில் வந்த 23 வயதுப் பொறியாளர் லாரியில் சிக்கி இறந்தார். பிறகு கொரோனா. 2021 நவம்பரில் வெள்ளம். இத்தனைக்கும் நடுவே, வார்டு மக்கள் சட்டையைப் பிடித்துக் கேட்க ஒரு கவுன்சிலர்கூட இல்லை.

2011-ல் 174 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. வார்டுகள் 155-லிருந்து 200. அம்பத்தூரும் ஆலந்தூரும் திருவொற்றியூரும் பள்ளிக்கரணையும் புதிதாகச் சேர்ந்தன. சேர்ந்த கையோடு ஐந்தே ஆண்டுதான் பிரதிநிதி கிடைத்தார். அதற்குள் மன்றமே காலி. பேனர் சரிந்த இடமும் கண்ணகி நகரும் இந்தப் புதுச் சேர்க்கைப் பகுதியில்தான் வருகின்றன. இதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

நாய் விவகாரம்

மாமன்றத்தில் கட்சி பேதமில்லாமல் எல்லோரும் எழுந்து பேசும் ஒரே விஷயம் தெருநாய். பிரச்சினை பெரியது. 2018-ல் எடுத்த கணக்கில் சென்னையில் 57 ஆயிரம் தெருநாய்கள் இருந்தன. 2024 கணக்கெடுப்பில் அது சுமார் 1.8 லட்சம். இரண்டு கணக்கெடுப்புகளும் எடுக்கப்பட்ட முறை ஒன்றுதானா என்பது விவாதத்துக்குரியது. நடுராத்திரி வேலை முடிந்து பைக்கில் திரும்புகிறவருக்கு அந்த விவாதம் தேவைப்படாது.

சென்னைக்கு இதில் ஒரு வரலாறு உண்டு. 1996 வரை மாநகராட்சியே நாய்களைப் பிடித்து மின்சாரம் பாய்ச்சிக் கொன்றுவந்தது. கொன்றும் எண்ணிக்கை குறையவில்லை. காலியான தெருவுக்குப் பக்கத்துத் தெரு நாய் வந்தது, குட்டி போட்டது, அவ்வளவுதான். கொல்வதை விட்டுவிட்டுக் கருத்தடைக்கு மாறச் சொல்லி நீண்ட காலம் வாதாடிய ப்ளூ கிராஸ் அமைப்பின் யோசனையை 1996-ல் சென்னை ஏற்றது. நாடு முழுமைக்குமான விதி அதற்கு ஐந்து ஆண்டு கழித்து, 2001-ல்தான் வந்தது. முன்னோடி ஊர் நாம். பிறகு ஏன் இந்த நிலை? கருத்தடை என்பது ஒரு வார்டில் பெரும்பாலான நாய்களுக்குக் குறுகிய காலத்துக்குள் செய்து முடித்தால் மட்டுமே பலன் தரும் வேலை. புளியந்தோப்பு, லாயிட்ஸ் காலனி, கண்ணம்மாபேட்டை என்று விரல்விட்டு எண்ணக்கூடிய மையங்களை வைத்துக்கொண்டு 426 சதுர கிலோமீட்டர் நகரத்தில் அதைச் செய்வது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதை. மையங்களைக் கூட்டும் வேலை இப்போதுதான் வேகம் பிடித்திருக்கிறது. அது முழுக்க முழுக்க மாமன்றத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டது. எந்த நீதிமன்றமும் குறுக்கே நிற்கவில்லை. இருபது ஆண்டு தாமதத்துக்குச் சாக்கு எதுவும் இல்லை.

உறுப்பினர்கள் கேட்பதோ வேறு: ‘பிடித்துக்கொண்டுபோய் எங்கேயாவது விடுங்கள்.’ அதை மாமன்றம் ஒருமனதாகத் தீர்மானித்தாலும் செல்லாது. மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு 2023-ல் வெளியிட்ட விதிகளின்படி, கருத்தடையும் தடுப்பூசியும் போட்ட நாயைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும். 2025 ஆகஸ்ட் 11-ல் டெல்லி நாய்களையெல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொன்ன உச்ச நீதிமன்றம், ஆகஸ்ட் 22-ல் அதை மாற்றியது: வெறிபிடித்ததும் மூர்க்கமானதும் தவிர மற்றவற்றைத் திரும்ப விடலாம், வார்டுதோறும் உணவிட இடம் ஒதுக்க வேண்டும். நவம்பர் 7-ல் இன்னொரு உத்தரவு: பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற வளாகங்களில் பிடித்த நாய்களைத் திரும்ப அங்கே விடக் கூடாது. அப்படியானால் எங்கே வைப்பது? காப்பகம் எந்த வார்டில்? அதற்கு எந்தக் கவுன்சிலர் தன் வார்டில் இடம் தருவார்? மாமன்றம் பேச வேண்டிய கேள்வி இது. நாய் வேண்டாம் என்று முழங்குவது சுலபம். காப்பகம் என் வார்டில் வரட்டும் என்று சொல்வதற்குத்தான் துணிச்சல் வேண்டும்.

வளர்ப்பு நாய் விஷயத்தில் மாமன்றத்துக்கு இப்படிப்பட்ட சட்டச் சிக்கல் குறைவு. வீட்டு நாய்க்கு மாநகராட்சி உரிமம் வாங்க வேண்டும் என்பது பழைய விதி. யாரும் வாங்கவில்லை, யாரும் கேட்கவில்லை. 2024 மே மாதம் நுங்கம்பாக்கம் பகுதியில், மாநகராட்சிக்குச் சொந்தமான பூங்காவுக்குள், காவலாளியின் ஐந்து வயது மகளை இரண்டு ராட்வீலர் நாய்கள் கடித்துக் குதறின. உடனே உரிமம் நினைவுக்கு வந்தது. முகாம்கள் போட்டார்கள். மெல்ல மறந்தார்கள். 15 மாதம் கழித்து, 2025 ஆகஸ்டில், ஜாபர்கான்பேட்டையில் பக்கத்து வீட்டுப் பிட்புல் கடித்து 55 வயது மனிதர் இறந்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் உரிமம் இல்லாத நாய்க்கு 5,000 ரூபாய் அபராதம் என்றும், இந்த இரண்டு இனங்களுக்குப் புதிதாக உரிமம் கிடையாது என்றும் முடிவுகள் வந்தன. அந்தச் சிறுமி ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே எடுத்திருக்கக்கூடிய முடிவுகள் இவை.

மாட்டுக் கதையும் இதே கதைதான். 2023 ஆகஸ்டில் அரும்பாக்கத்தில் பள்ளி விட்டு வந்த சிறுமியைத் தாயின் கண்ணெதிரே மாடு முட்டித் தூக்கிய கேமரா காட்சியை ஊரே பார்த்தது. அதற்குப் பிறகுதான் அபராதம் 2,000 ரூபாயிலிருந்து 5,000 ஆனது, பின்னர் 10,000 ஆனது.   மாடு வளர்ப்பவர்களுக்குத் தொழுவம் கட்ட இடமில்லை, அபராதம் போட்டால் பிழைப்பு போய்விடும் என்பதும் உண்மை. அதனால்தான் மாநகராட்சியே மாட்டுக் கொட்டகை கட்டும் திட்டம் வந்தது. அபராதத்துக்கு முன்பே வந்திருக்க வேண்டிய திட்டம் அது.

கண் முன்னால் வளர்ந்த மாடிகள்

நாயும் மாடும் தலைப்புச் செய்தியாகின்றன. அவற்றைவிடப் பெரிய ஆபத்து சத்தமில்லாமல் நிற்கிறது: அனுமதிக்கு மீறிய கட்டடங்கள். தி.நகரில் எரிந்த கட்டடத்தில் அனுமதித்ததற்கும் மேலே மாடிகள் எழும்பியிருந்தன என்பது எரிந்த பிறகு எல்லோருக்கும் தெரிந்தது. அதற்கு முன் 2008 செப்டம்பரில் அதே தி.நகரில் இன்னொரு கடைக்குள் தீப்பிடித்து இரண்டு ஊழியர்கள் இறந்திருந்தார்கள். தீயணைப்பு வண்டி சுற்றிவர முடியாத சாலை, மூச்சுவிட இடமில்லாத படிக்கட்டு. பண்டிகைக் காலத்தில் நாமெல்லாம் குழந்தை குட்டியோடு அங்கேதான் போய் நிற்கிறோம்.

ஒரு மாடி ஒரே ராத்திரியில் முளைப்பதில்லை. ஏரியா பொறியாளர் அந்தத் தெருவில் தினம் நடக்கிறார். கவுன்சிலருக்கு எந்த வீட்டில் செங்கல் இறங்குகிறது என்பது மேஸ்திரிக்கு முன்பே தெரியும். தெரிந்தும் எழும்பிய மாடிகளை அரசே வரன்முறைப்படுத்தியது. நகரமைப்புச் சட்டத்தில் 1998-ல் 113-ஏ என்றொரு பிரிவைச் சேர்த்து, கட்டணம் கட்டினால் விதிமீறல் மன்னிக்கப்படும் என்றார்கள். பிறகு 113-சி வந்து, 2007 ஜூலைக்கு முன் கட்டியவற்றுக்கு மறுபடி ஒரு வாய்ப்பு. வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போயின. இடையில் 2014 ஜூன் 28-ல் மவுலிவாக்கத்தில், மாநகராட்சி எல்லைக்கு வெளியே, பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 தொழிலாளர்கள் நசுங்கினார்கள். அபராதம் வாங்கிக்கொண்டு மாடியை நிற்கவிடலாம். அதன் படிக்கட்டை அகலப்படுத்த அந்த ரசீதால் முடியாது.

நகரமைப்பு நிலைக்குழு மாமன்றத்தில் இருக்கிறது. ஒவ்வொரு வார்டிலும் வேலை நிறுத்த நோட்டீஸ் கொடுக்கப்பட்ட கட்டடங்கள் எவை, அதில் எத்தனை பூட்டப்பட்டன, எத்தனை மீண்டும் திறந்தன என்ற பட்டியலை மாதந்தோறும் மன்றத்தில் வைக்கச் சொல்ல ஒரு தீர்மானம் போதும். அதற்கு மாநில அரசின் தயவு தேவையில்லை. அதைக் கேட்டு உறுப்பினர்கள் வெளிநடப்பு செய்தால் நான் முதல் ஆளாகக் கைதட்டுவேன்.

விளக்கு எங்கே எரிய வேண்டும்

சொல்ல நல்ல செய்தியும் இருக்கிறது. நிர்பயா நிதியில் பாதுகாப்பான நகரம் திட்டத்துக்குத் தேர்வான எட்டு நகரங்களில் சென்னையும் ஒன்று. அதன் பகுதியாக மாநகராட்சிக்குள் பாலினம் மற்றும் கொள்கை ஆய்வகம் என்றொரு பிரிவு 2022-ல் உருவானது. பெண்கள் எங்கே பயப்படுகிறார்கள் என்று அவர்களிடமே போய்க் கேட்பது அதன் வேலை. கேட்டால் தெரிகிற விஷயம் எளிது: விளக்குக் கம்பம் இருக்கிறது, ஆனால் வெளிச்சம் வாகனம் போகும் சாலையில் விழுகிறது, நடைபாதை இருட்டாக இருக்கிறது. மரக்கிளை விளக்கை மூடியிருக்கிறது. பேருந்து நிறுத்தத்திலிருந்து வீட்டுக்குப் போகும் சந்துதான் பயம். கழிப்பறை இருக்கிறது, இரவில் பூட்டியிருக்கிறது. எத்தனை விளக்கு போட்டோம் என்று கணக்குக் காட்டுவதற்கும் எந்த விளக்கு எங்கே விழ வேண்டும் என்று கேட்பதற்கும் நடுவே உள்ள தூரத்தை இந்த வேலை காட்டியது.

உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீத இடஒதுக்கீடு தமிழ்நாட்டில் 2016-ல் சட்டமானது. 2022-ல் அந்த ஒதுக்கீட்டோடு மன்றம் அமைந்தது. 28 வயதில் ஆர்.பிரியா மேயரானார், அந்தப் பதவிக்கு வந்த முதல் பட்டியலினப் பெண். இருட்டுச் சந்து, பூட்டிய கழிப்பறை பற்றியெல்லாம் மன்றத்தில் பேச ஆள் இருக்கிறது என்பது சிறிய விஷயமில்லை. ஆனால் பல வார்டுகளில் பெண் கவுன்சிலருக்குப் பதிலாக அவருடைய கணவர் வந்து வேலையைப் பார்க்கிறார் என்பதும் ஊரறிந்த விஷயம். அதையும் மன்றமே வெட்கப்பட்டு நிறுத்த வேண்டும்.

பகுதி சபை என்று ஒன்று இருக்கிறது

கிராமத்தில் கிராம சபை இருக்கிறது. நகரத்துக்காரருக்கு அப்படி ஒரு இடம் நெடுங்காலம் இல்லை. 2022-ல் தமிழ்நாடு அரசு வார்டு குழு, பகுதி சபை விதிகளைக் கொண்டுவந்தது. மக்கள் வாயில் அது ஏரியா சபை. ஒவ்வொரு வார்டும் பகுதிகளாகப் பிரிக்கப்படும். சென்னையில் வார்டுக்குப் பத்து. அந்தப் பகுதியின் வாக்காளர் எல்லோரும் அதன் உறுப்பினர். வார்டு குழுவுக்குக் கவுன்சிலர் தலைவர். ஆண்டுக்கு நான்கு முறையாவது சபை கூட வேண்டும். 2022 நவம்பர் 1 அன்று உள்ளாட்சி தினத்தில் மாநிலம் முழுக்க முதல் முறையாகக் கூட்டினார்கள், முதலமைச்சராக மு.க.ஸ்டாலின் தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த சபையில் உட்கார்ந்தார்.

அந்த முதல் உற்சாகம் பிறகு வடிந்தது. பல வார்டுகளில் சபை கூடியது கூட்டம் முடிந்த பிறகு வாட்ஸ்அப்பில் வந்த போட்டோவில்தான் தெரியவரும். கூடினாலும், கட்சிக்காரர்கள் நான்கு பேர், அதிகாரி இரண்டு பேர், டீ, சமோசா. இதை அரசியல்வாதியின் தலையில் மட்டும் கட்ட முடியாது. மேல்தட்டு அடுக்குமாடிக் குடியிருப்புகளின் சங்கங்கள் மேயருக்கு நேராக மெயில் போடுகின்றன, சபைக்கு வருவதில்லை. குடிசைப் பகுதி மக்களுக்குக் கூட்டம் நடக்கும் நேரம் வேலை நேரம்.

ஆனாலும் பாதுகாப்பு விஷயத்தில் பகுதி சபைக்கு ஒரு தனி மதிப்பு இருக்கிறது. மாநகராட்சியின் 1913 என்ற எண்ணுக்குப் புகார் சொன்னால் அது ஒரு தனிமனிதரின் புகார். ‘சரிசெய்யப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வந்ததும் மூடப்பட்டுவிடும், வேலை நடந்தாலும் நடக்காவிட்டாலும். சபையில் எழுதப்பட்டது பதிவேட்டில் நிற்கும். ‘இன்ன தெருமுனையில் இன்ன மின்பெட்டியின் கதவு திறந்து கிடக்கிறது’ என்று தேதியோடு எழுதி, பத்துப் பேர் கையெழுத்துப் போட்ட தாள் இருந்தால், அடுத்த மழையில் அங்கே உயிர் போகும்போது ‘எங்கள் கவனத்துக்கு வரவில்லை’ என்று எந்தத் துறையும் சொல்ல முடியாது. நிவாரணத்துக்காக நீதிமன்றம் போகிற குடும்பத்துக்கும் அந்தத் தாள்தான் சாட்சி. மாமன்றத்தின் அதிகாரத்துக்கு வெளியே இருக்கிற மின்வாரியத்தையும் மெட்ரோ வாட்டரையும் அதன் மூலம்தான் கொஞ்சமாவது பதில் சொல்லவைக்க முடியும். சபைக்கு எல்லாத் துறைப் பொறியாளரும் வந்தே ஆக வேண்டும் என்று மாநில அரசு ஒரு ஆணை போட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

2022 மார்ச்சில் பொறுப்பேற்ற மாமன்றத்துக்கு ஐந்தாண்டு 2027 தொடக்கத்தில் முடிகிறது. மறுபடி வழக்கு, வார்டு மறுவரையறை என்று தேர்தல் தள்ளிப்போகாமல் பார்த்துக்கொள்வது முதல் வேலை. அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் சாலை போடுவீர்களா என்று கேட்காதீர்கள். எல்லோரும் போடுவேன் என்பார்கள். ‘இந்த வார்டில் பகுதி சபை கடைசியாக எந்தத் தேதியில் கூடியது, என்னென்ன எழுதினீர்கள், அதில் எது முடிந்தது’ என்று கேளுங்கள். இப்போதைய கவுன்சிலரிடம் அதைக் கேட்கத் தேர்தல் வரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம். பதிவேட்டைக் காட்ட மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். கட்டணம் பத்து ரூபாய்.